கோணல் கூடம்

அந்த ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே 'சார்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'உஷ்' என்றும் சொல்வார்கள். யாராவது கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டால் போதும், அவருடைய விரல் தானாக உதட்டுக்குப் போய்விடும். திட்டமாட்டார், முறைக்கமாட்டார். 'உஷ்' என்று ஒரு காற்று மட்டும் வரும். "குக்கர் விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி லேசா ஒரு காத்து விடுமே, அதுதான் நம்ம சார். விசில் மட்டும் வரவே வராது" என்று யாரோ சொல்லிவைத்தது ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவருக்கு அமைதி பிடிக்கும் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அவர் வளர்ந்தது ஒரு குறுகலான வீட்டில். முன்னறையில் அப்பாவின் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை. உள்ளறையில் அம்மா, சித்தி, இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவன் அழுவான், ஒருத்தி பாடுவாள், அப்பா ஒரு மோட்டாரை ஓடவிட்டுப் பார்ப்பார். அவர் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மாடிப்படிக்குக் கீழே, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு. படித்து முடித்து, ஆராய்ச்சிக்கு வந்து, முதன்முதலாக ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்றபோது குளிர்பெட்டியின் ரீங்காரம் மட்டும் கேட்டதாம். அன்றைக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் வேலை பார்த்த மாடியில் இரண்டு குழுக்கள் இருந்தன. இரண்டுமே உடம்பிலிருந்து எடுத்த செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறவை. அவருடைய குழு சிறுநீரகச் செல்களை வளர்த்து மருந்துகளைச் சோதித்தது. எதிர்ப்பக்கத்துக் குழு தீக்காயக்காரர்களுக்காகத் தோல் வளர்த்தது. இரண்டு கூடங்களுக்கும் நடுவில் ஒரு பொது அறை. குழாய்களைச் சுழற்றி அடிமண்டியைப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ், ஐஸ் இயந்திரம், தேநீர் மேசை, அறிவிப்புப் பலகை எல்லாம் அங்கேதான். சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி முடிகிறவரை ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். நிற்கிற வாய் சும்மா இருக்குமா? எந்தக் கடைக் கையுறை கிழிகிறது, எந்தக் குளிர்பெட்டி மக்கர் பண்ணுகிறது, யார் மகளுக்கு எங்கே இடம் கிடைத்தது என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பேச்சுக்கெல்லாம் தலைமை தாங்கியவர் எதிர்க்குழுவின் தலைவி. அந்த அம்மாள் சிரித்தால் கீழ்மாடியில் இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அவருக்கு வெண்கலக்கடை என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கே தெரியும். "யானை எப்ப வரும்னுதான் காத்துட்டிருக்கேன்" என்பார். சாரும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

இவர் தம் குழுவுக்குத் தலைவரானதும் முதன்முதலில் கேட்டது ஒரு சுவர்.

கட்டடப் பொறியாளர் தலையைச் சொறிந்தார். "எதுக்கு சார் சுவர்? கதவைச் சாத்தி வெச்சா போதாதா?"

"சாத்துற கதவைத் திறக்கத்தான் செய்வாங்க" என்றார் இவர்.

வரைபடத்தைத் தாமே போட்டுக் கொடுத்தார். பொது அறையின் குறுக்கே சுவர் எழுந்தது. பழைய இயந்திரங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் போயின. இவர் தம் பக்கத்துக்கென்று புதிய சென்ட்ரிஃப்யூஜ் வாங்கினார், தனிக் கெட்டில் வைத்தார், தனிப் பலகை மாட்டினார். ஸ்டோருக்கு அடிக்கடி யாரும் அலையக் கூடாது என்று குழாய், கையுறை, தட்டு எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக வாங்கி அலமாரியில் அடுக்கினார். வாசலுக்குப் பக்கத்தில் தமக்கு ஒரு கண்ணாடி அறை. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் இனிமேல் படியிறங்கி, ஜெனரேட்டரைச் சுற்றி, அடுத்த படிக்கட்டில் ஏற வேண்டும்.

சுவருக்கு வெள்ளையடித்த அன்று வெண்கலக்கடை வந்து பார்த்தார். "என்ன இது, பாகப்பிரிவினையா?"

"சத்தம் உங்க பக்கம், அமைதி எங்க பக்கம். நியாயமான பங்குதானே?" என்றார் இவர்.

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். அதன்பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதற்கு வெகுநாள் வாய்ப்பே வரவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஊசி விழுந்தால் கேட்கும். இழுத்துக்கொண்டு கிடந்த கட்டுரைகள் முடிந்தன. வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சுவரைக் காட்டி, "ஆராய்ச்சிக்கு முதல் கருவி இதுதான்" என்று சொல்லிக்கொள்வார். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தச் சுவருக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை.

அந்தக் குழுவில் 'டீச்சர்' என்று ஒரு பெண் இருந்தார். பல வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, முப்பதைத் தாண்டி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். கணவருக்கு வெளியூர் வேலை. அதிகம் பேசமாட்டார். கைவேலை அவ்வளவு சுத்தம். மேசையில் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. அவரைத் தேர்ந்தெடுத்ததே சார்தான். "பேசாம வேலை செய்ற ஒரே ஆள்" என்று அவரைப் பற்றி இயக்குநரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். குழுவிலேயே நீளமான, பொறுமை கேட்கிற வேலையை நம்பி அவரிடம் கொடுத்திருந்தார்.

ஒரு கட்டத்தில் டீச்சரின் செல்கள் சாக ஆரம்பித்தன. நன்றாக இருக்கிற செல் தட்டின் அடியில் அப்பிக்கொண்டு பரந்து கிடக்கும். இவை உருண்டு, அடியிலிருந்து விடுபட்டு, தூசி மாதிரி மிதந்தன. டீச்சர் தண்ணீரை மாற்றிப் பார்த்தார். சத்துநீரைப் புதிதாகக் கலந்து பார்த்தார். கையுறையை மாற்றினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் தூசி.

"ஸ்டோர்ல இருந்து வர்ற சாமான்ல ஏதாவது மாறியிருக்குமோன்னு தோணுது சார்" என்று ஒருநாள் கண்ணாடி அறைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "எதிர்ப்பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?"

"அவங்க வேலை வேற, நம்ம வேலை வேற. அங்க போனா அரைநாள் அரட்டைல போயிடும். நம்ம கையில என்ன தப்புன்னு முதல்ல பாருங்க."

டீச்சர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஆனதும் குழந்தைக்காகக் கிளம்பிவிடுவார். மற்றவர்கள் இருக்கும்போது அவர் பையை மாட்டிக்கொண்டு போவது கண்ணாடி அறையிலிருந்து தெரியும். அதற்கு முன்னால் அதை சார் கவனித்ததே இல்லை. இப்போது தினமும் கண்ணில் பட்டது. பழுது தேடுகிற கண்ணுக்குப் பழுதுதானே தெரியும்.

மாதக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து தாம் பட்ட பாட்டைச் சொன்னார். கடைசியில் தயங்கி, "என் செய்முறையில மாத்தம் எதுவும் இல்லை. வெளியில ஏதோ மாறியிருக்கு" என்றார்.

சார் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுதான் உயர்த்தியிருக்கிறார்? மெல்லிய குரலில், ஏதோ வேடிக்கை சொல்கிறவர் போல, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர்கள் உடனே நிறுத்திக்கொண்டார்கள். சார் சிரிக்காமல் தொடர்ந்தார். "புத்தி வீட்டுல இருந்தா கை மட்டும் இங்க இருந்து என்ன பிரயோஜனம்?"

டீச்சர் உட்கார்ந்தார். அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வேலை, மீசைக்காரர் என்று அழைக்கப்பட்ட இன்னொரு ஆராய்ச்சியாளரின் கைக்குப் போனது. டீச்சருக்குப் பழைய அளவீடுகளைத் தட்டச்சு செய்யும் வேலை. கொஞ்ச நாள் செய்தார். பிறகு ராஜினாமா கொடுத்தார். கிளம்பும்போது கண்ணாடி அறை வாசலில் நின்று, "போயிட்டு வரேன் சார்" என்றார். "உங்களுக்கும் இதுதான் நல்லது" என்றார் சார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். பின்னால் யோசித்தபோது அவரை அதிகம் சுட்டது அந்த 'மனதார'தான்.

மீசைக்காரரின் கையிலும் செல்கள் செத்தன. "புதுக் கை, பழகணும்" என்று சார் சமாதானம் சொன்னார். டீச்சருக்கு அந்தச் சமாதானத்தை ஏன் சொல்லவில்லை என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் தீயணைப்பு ஒத்திகை வந்தது. மணி அலறியதும் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் இறங்கி, வண்டிகள் நிறுத்துகிற கொட்டகைக்குப் போக வேண்டும். இரண்டு படிக்கட்டுகளிலும் இறங்கிய கூட்டம் அங்கே கலந்தது. சார் காதைப் பொத்திக்கொண்டு ஒரு தூணோரம் ஒதுங்கினார். வெண்கலக்கடை அவரைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"என்ன சார், தீ வெச்சாத்தான் உங்களைப் பார்க்க முடியும் போலிருக்கு. எங்க உங்க டீச்சர்? ரொம்ப நாளா கண்ணுலயே படலை?"

"வேலையை விட்டுட்டாங்க."

"அய்யோ, ஏன்? நல்ல கையாச்சே."

"செல் வளரலை. எவ்வளவு சொல்லியும் சரியா வரலை."

"வளரலைன்னா? உருண்டு உருண்டு மிதந்துச்சா?"

சார் அவரைப் பார்த்தார்.

"நீல மூடி டியூப்பா?" என்றார் அந்த அம்மாள். "ஸ்டோர்ல கம்பெனி மாத்தினாங்களே, அதா? அதை நாங்க எப்பவோ தூக்கிப் போட்டுட்டோம். பிளாஸ்டிக்ல இருந்து என்னமோ கசியுது, நாள்பட வளர்க்கிற செல்லுக்குத்தான் அது தெரியும். தோல் செல் கூடத் தாங்கலை. டீ குடிக்கும்போது பேசினோம், ரெண்டு மூணு பேருக்கு ஒரே மாதிரி ஆயிருந்துச்சு, சந்தேகம் வந்துச்சு. ஸ்டோர்ல சொல்லி மிச்சத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க பெட்டி பெட்டியா உள்ள வெச்சிருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எங்க பக்கம் யாரும் சொல்லலையே." அவருக்கே தம் குரல் அந்நியமாகக் கேட்டது.

"நானே வந்தேன் சார். ஜெனரேட்டரைச் சுத்திக்கிட்டு, மூச்சு வாங்கப் படியேறி வந்தேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு டியூப்பை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். நீங்க ஏதோ படிச்சிட்டிருந்தீங்க. உதட்டுல விரலை வெச்சீங்க. சரி, அப்புறம் பார்ப்போம்னு திரும்பிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் விட்டார்.

சாருக்கு நினைவு வந்தது. நீல மூடி ஒன்று கண்ணாடிக்கு அப்பால் ஆடியது. ஏதோ கிண்டல் செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தார். எவ்வளவு நாசூக்காகத் திருப்பி அனுப்பினோம் என்று அப்போது திருப்திகூடப் பட்டார்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் மேலே போனார்கள். அவர் வெகுநாளுக்குப் பிறகு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தாமே மேசையில் உட்கார்ந்தார். நீல மூடிக் குழாயில் ஒரு பங்கு, எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டு வாங்கிய குழாயில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் ஒன்றே. சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒன்றில் செல்கள் அப்பிக்கொண்டு பரந்து கிடந்தன. இன்னொன்றில் தூசி. எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான்.

இந்த இடத்தில் அவர் எழுந்து நின்று நாலு பேரிடம் உண்மையைச் சொன்னார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அவர் சொல்லவில்லை. அலமாரியில் இருந்த நீல மூடிப் பெட்டிகளைக் காதும் காதும் வைத்த மாதிரி அப்புறப்படுத்தினார். "இனிமே பழைய கம்பெனி டியூப்பே வாங்கலாம், அதுதான் பிடிமானமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மீசைக்காரரின் செல்கள் ஜோராக வளர்ந்தன. மனிதர் பூரித்துப்போய், "எல்லாம் சார் குடுத்த தைரியம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் சாருக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது.

இயக்குநர் ஒருநாள் வந்து தட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். "கை மாறினதும் சரியாயிடுச்சு பார்த்தீங்களா? அந்தம்மாவை வெச்சுக்கிட்டு வீணா காலத்தை ஓட்டினீங்க."

சார் தலையை ஆட்டினார். சின்ன ஆட்டுதான். ஆமாம் என்றும் சொல்லலாம், கழுத்தைச் சரிசெய்தார் என்றும் சொல்லலாம். ஆனால் ஆட்டினவருக்குத் தெரியும். இயக்குநர் போனபிறகு கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. குனிந்தபடியே கை கழுவிவிட்டு வந்தார்.

வீட்டிலும் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. மனைவி வங்கியில் வேலை பார்க்கிறவர். நாளெல்லாம் முகம் பார்த்தே ஆளை எடைபோடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "என்னன்னு சொல்லிடுங்க. வீட்டுக்குள்ள பூனை மாதிரி சுத்தாதீங்க" என்றார்.

அவர் சொன்னார். சுவரிலிருந்து ஆரம்பித்துத் தலையாட்டியது வரைக்கும். மனைவி மடிப்பதை நிறுத்தவில்லை.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல."

"யார்கிட்டயாவது இல்லை. அந்தப் பொண்ணுகிட்ட."

"என்னன்னு போய் சொல்றது?"

"இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அதையேதான்." ஒரு சட்டையை உதறினார். "கல்யாணமான புதுசுல நீங்க விரலைத் தூக்கினாலே எனக்கு ஆத்திரமா வரும். அப்புறம் பழகிட்டேன். பழகியிருக்கக் கூடாது."

மகளின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும், பாட்டை நிறுத்தியிருந்தாள்.

டீச்சர் பழையபடி ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். சார் விசாரித்து, இடைவேளை நேரமாகப் பார்த்துப் போனார். ஆசிரியர் அறை என்று ஒரே நீளமான கூடம். நடுவில் ஒரே மேசை. அதைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்துகொண்டு இருந்தது. ஒரு தடுப்பு இல்லை, ஒரு மூலை இல்லை. டீச்சர் அதற்கு நடுவில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து சார் பார்த்ததே இல்லை.

சாரைக் கண்டதும் சிரிப்பு அடங்கியது. "வாங்க சார். உட்காருங்க."

"கொஞ்சம் வெளியில வர முடியுமா? தனியா ஒரு விஷயம்..."

டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். கோபம் தெரியவில்லை. "இங்கயே சொல்லலாமே சார். அன்னைக்கு நீங்க சொன்னதும் எல்லார் முன்னாடியும்தானே?"

மேசையில் சத்தம் குறைந்தது. யாரும் நிமிரவில்லை, ஆனால் சிவப்புப் பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அமைதியைத் தேடுகிறவருக்கு இந்த அமைதி வேண்டாததாக இருந்தது. யாராவது இருமினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"செல் செத்ததுக்குக் காரணம் டியூப்" என்றார். "ஸ்டோர்ல மாத்தின நீல மூடி டியூப். எதிர்ப்பக்கத்துல அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லவும் வந்திருக்காங்க. நான்தான் காது குடுக்கலை. நீங்க கேட்டுட்டு வரேன்னப்பவும் நான்தான் விடலை. உங்க கையில எந்தத் தப்பும் இல்லை."

டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பழமொழி?" என்றார்.

அதை அவர் மறந்திருப்பார் என்று சார் வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்திருந்தார்.

"அதை நான் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்." பிறகு, யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்: "எனக்கே தெரியாம போச்சு சார். அதுதான் உண்மை. நம்ம கையிலதான் ஏதோ இருக்குன்னு நம்பிட்டேன். குழந்தைக்குப் பால் ஆத்தும்போது கூட கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மாமியார் பயந்துபோய் ஏதாவது தோல் வியாதியான்னு கேட்டாங்க."

சார் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"அங்க சொல்லிட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"எங்க?"

"நிலையத்துல. அங்க எல்லாரும் இன்னும் என் கையைத்தானே நினைச்சிட்டிருப்பாங்க."

"இன்னும் இல்லை" என்றார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்கு, வந்து சொன்ன மற்றதெல்லாவற்றையும் விட அதிகம் வெட்கமாக இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் முதன்முறையாக நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

மணி அடித்தது. டீச்சர் எழுந்து, "வகுப்பு இருக்கு சார், போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதக் கூட்டத்தை இரண்டு குழுவுக்கும் சேர்த்துக் கீழ்த்தளத்து அரங்கத்தில் வைக்கும்படி சார் கேட்டுக்கொண்டார். இயக்குநர் முன்வரிசையில் இருந்தார். சார் எழுந்து, இரண்டு தட்டுகளின் படங்களைத் திரையில் காட்டினார். குழாயைப் பற்றிச் சொன்னார். அதுவரை ஆராய்ச்சிப் பேச்சு மாதிரித்தான் இருந்தது. பிறகு, "இது தெரிஞ்சப்புறமும் நான் சொல்லாம இருந்தேன். டியூப்பை மட்டும் மாத்திட்டு, கை மாறினதால வளர்ந்துச்சுன்னு உங்களை நம்ப விட்டேன். டீச்சர் மேல தப்பு இல்லை. தப்பு என் மேல" என்றார்.

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், தம் கை ராசியான கை என்று அவர் நம்பியிருந்தார். அந்த மனிதரிடமிருந்தும் ஒன்றைப் பிடுங்கிவிட்டோம் என்று சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று பழமொழிக்குச் சிரித்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஆள் இப்போது எங்கோ ஒரு வரிசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வெளியே வரும்போது இயக்குநர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "இதையெல்லாம் ஒரு மெயில்ல போட்டிருக்கலாமே. கூட்டம் கூட்டி, இவ்வளவு தூரம்... நிலையத்தோட பேர் என்னாகறது?"

"மெயில்ல போட்டா யாரும் பேசமாட்டாங்க சார்" என்றார் அவர்.

"பேசாம இருந்தா உங்களுக்குத்தானே நல்லது?"

உண்மைதான் என்று அவருக்குத் தோன்றியது. தலையை மட்டும் இந்த முறை ஆட்டாமல் பார்த்துக்கொண்டார்.

சுவரை எடுத்துவிடும்படி எழுதிக் கேட்டார். எழுப்பும்போது எளிதாக எழுந்த சுவர் இறங்க மறுத்தது. அதற்குள் மின்கம்பிகளும் வாயுக் குழாய்களும் அதில் ஓடிக்கொண்டிருந்தன. பொறியாளர் அலைந்து திரிந்து கடைசியில் ஒரு கதவு மட்டும் வெட்டிக் கொடுத்தார். கதவு வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சார் எண்ணியிருந்தார். ஆகவில்லை. அவர் ஆட்களுக்கு அந்தப் பக்கம் போகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. தனிக் கெட்டிலை அவரே எடுத்து உள்ளே வைத்துப் பூட்டியபிறகுதான் ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கி எதிர்ப்பக்கத்துத் தேநீர் மேசைக்குப் போனார்கள். அவரும் போனார். அவர் போனதும் பேச்சு தணிந்துவிடும். கோப்பையை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். யாராவது மரியாதைக்கு வானிலை பற்றி ஏதாவது சொல்வார்கள். வெண்கலக்கடை மட்டும் வழக்கம்போல இரைந்து பேசுவார். அந்த இரைச்சலுக்குள் நிற்பது அவருக்கு இன்னமும் கஷ்டமாகத்தான் இருந்தது. நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். என்றாலும் தினமும் போய் நின்றார். அங்கிருந்து திரும்பும்போது, யாருக்கு என்ன குழப்பம், யாருடைய தட்டில் என்ன கோளாறு என்று ஏதோ ஒன்றாவது காதில் விழுந்திருக்கும். இத்தனை வருஷம் இதெல்லாம் காதில் விழாமலே ஒரு குழுவை நடத்தினோம் என்று நினைக்கும்போது உடம்பு ஒருமுறை கூனிக் குறுகும்.

டீச்சரைத் திரும்ப வேலைக்கு அழைக்க நிலையத்தைச் சம்மதிக்க வைத்தார். அவர் வரவில்லை. "இல்லை சார், இங்கயே இருக்கேன்" என்று போனில் சொன்னார். காரணம் சொல்லவில்லை, கேட்கிற உரிமை தமக்கு இல்லை என்று இவரும் கேட்கவில்லை. வேலை முடிந்து கட்டுரை வெளிவந்தபோது அதில் டீச்சரின் பெயர் முதலில் இருந்தது. அனுப்பிவைத்தார். 'பார்த்தேன் சார்' என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தையில் மன்னிப்பு இருக்கிறதா, மனக்கசப்பு இருக்கிறதா என்று பலமுறை படித்துப் பார்த்தார். பார்த்தேன் என்பது மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் மாலை அவர் சாலையைக் கடக்க நின்றபோது, எதிரே பேருந்து நிறுத்தத்தில் டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கைக்குழந்தையாக இருந்தது இப்போது பள்ளிப்பையோடு நிமிர்ந்து நிற்கிறது. டீச்சர் அவரைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார். அவரும் அசைத்தார். குழந்தை அண்ணாந்து, யாரும்மா அது என்று கேட்டிருக்க வேண்டும். டீச்சர் குனிந்து பதில் சொன்னார். ஒரே வார்த்தை இல்லை, ரெண்டு மூணு வாக்கியம் இருக்கும். குழந்தை திரும்பி அவரை உற்றுப் பார்த்தது.

நடுவில் லாரியும் ஆட்டோவும் ஒலிப்பானை அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் தம்மை அறியாமல் கழுத்தை நீட்டினார். அதற்குள் பேருந்து வந்து நின்று இருவரையும் மறைத்தது. பேருந்து நகர்ந்தபோது நிறுத்தம் காலியாக இருந்தது. காது மடல் இரண்டும் சுட, சாலையைக் கடக்காமல் அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்.